கொல்லைப்புற மேம்பாட்டுக் குழுவின் சிமென்ட் பெஞ்ச்

நாகரிகம் ஆற்றங்கரையில் பிறந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. வெளியாள் ஒருவரையும் கூப்பிடாமல், இருபதுக்குப் பதினைந்தடிக் கொல்லையில் தாங்களே தோட்டம் போடுவது என்று ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவெடுத்ததே, அப்போதுதான் அது பிறந்தது.

குடும்பத் தலைவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கூட்டம் போடாமல் எதையும் செய்து பழக்கமில்லாதவர். அன்றே 'கொல்லைப்புற மேம்பாட்டுக் குழு'வை அமைத்து, பலத்த வற்புறுத்தலுக்குப் பிறகு தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வற்புறுத்தியவரும் அவரே. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு 'வடிவமைப்பு'. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனுக்கு 'ஆவணப்படுத்தல்', அதாவது செல்போனில் படம் எடுப்பது. தோட்டக்கலை பற்றி நாற்பத்தொரு வீடியோ பார்த்திருந்த தலைவரின் தம்பி 'ஆலோசகர்' ஆனார்.

தலைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்ட் முடிந்து அவள் வந்து செருப்பைக் கழற்றியபோது, நான்கு மணி நேரம் உழைத்த குழு டீக்காகக் காத்திருந்தது.

"எனக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டாள்.

தலைவர் நோட்டைப் புரட்டினார். "'இதர பணிகள்'."

"அப்படின்னா?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. தோண்டறது, சுமக்கறது, சிமென்ட் கலக்கறது, கூட்டறது. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அவள் மறுக்கவில்லை. மகளின் வரைபடத்தில், சுவரோரம் நிழல் விழும் இடத்தில், ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. வார்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அடுப்படியில் மிச்ச நேரம் நிற்கிறவள் அவள். சாயங்காலம் பத்து நிமிஷம், யாரும் கூப்பிடாத இடத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அந்தப் பெஞ்சுக்காக மலையையே வெட்டியிருப்பாள். குழு பெருந்தன்மையாகக் கொல்லையோடு நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது வாரம் குளம் வெட்டினாள். இடுப்பளவு ஆழம் போன பிறகு ஆலோசகர் வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நான் தலைகீழாப் பாத்துட்டேன். குளம் அந்த மூலைல வரணும்."

"அப்ப இந்தக் குழி?"

அவசரக் கூட்டம் கூடியது. குழியை ஆறடி கிழக்கே நகர்த்துவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வேலையின் தன்மை கருதி அது 'இதர பணிகள்' பிரிவிடமே ஒப்படைக்கப்பட்டது.

"குழியை எப்படிங்க நகர்த்தறது?"

"அதெல்லாம் நடைமுறை விஷயம். கூட்டத்துல அதைப் பேச முடியாது."

மற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். மகன் முந்நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தான். "அம்மா, கொஞ்சம் ஓரமாப் போயேன், மண்வெட்டி மட்டும் தெரியட்டும்!" என்று வெயிலில் தொண்டை கிழியக் கத்தினான். மண் சுமந்துகொண்டு அவள் போவதையும் வருவதையும் நாற்காலியிலிருந்தபடியே கவனித்ததில் தலைவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்குத் தைலம் தேய்த்துவிட்டதும் அவள்தான்.

ஆறாவது வாரம் பெஞ்ச் எழுந்தது. செங்கல் அடுக்கி, பூசி, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டாள். திறப்பு விழா நாளில் ஷிப்ட் முடிந்து ஓடி வந்து, முகம் கழுவி, தனக்கென்று ஒரு டம்ளர் டீ எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். குழு பெஞ்சில் அமர்ந்திருந்தது. தோளோடு தோள், நால்வரும். டம்ளர் வைக்கக்கூட இடமில்லை.

"கொஞ்சம் நகருங்களேன்."

மனப்பூர்வமாக முயன்றார்கள். முடியவில்லை.

"அளவெல்லாம் கரெக்டாத்தாம்மா இருக்கு. நாலு பேருக்குத்தானே போட்டேன்" என்றாள் மகள்.

"நாம அஞ்சு பேர் இல்லையாடி?"

தலைவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உனக்குத்தான் உக்கார நேரமே கிடையாதே! எதுக்கு வீணா சிமென்ட்டுன்னு நான்தான் சொன்னேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் எந்திரிங்க. தூசியா இருக்கு."

தூசி தட்டுவது குழுவின் வேலை அல்ல என்பதால் உடனே எழுந்தார்கள். அவள் கையால் ஒரு தட்டு தட்டினாள். பிறகு ஏறிப் படுத்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். நால்வர் அமரத் திட்டமிட்ட பெஞ்ச், ஒரு நர்ஸ் படுக்க இம்மி பிசகாமல் சரியாக இருந்தது. வடிவமைப்பாளரைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

"அப்ப நாங்க?" என்றார் தலைவர்.

"நில்லுங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "இருபத்திமூணு வருஷமா நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க ஒருத்தர் கண்ணுலயும் படல பாருங்க, அவ்வளவு சுலபம்."