ஒன்பது இடத்துச் சேறு

காலையில் எழுந்து பார்த்தபோது ஒன்பது பாட்டில்களும் நீலமாகியிருந்தன. உள்ளே கிடந்த புழுக்களும் நீலம். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு சின்னத் தாள், ஒரு எழுத்துகூட இல்லாமல், சலவை செய்ததுபோல் மிதந்தது.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"லேபிளை என்னடா பண்ணினே?"

"அத்தான் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துதுக்கா. அதுவும் பென்சில்ல. ஆபீசுக்குக் குடுக்கறது கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு பேனாவுல எழுதிப் போட்டேன்."

கடற்புழு எண்ணுகிறவர்கள் ஏன் பென்சிலை விடுவதில்லை என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் அப்போதுதான் தெரிந்தது. புழு கெடாமலிருக்கப் பாட்டிலில் ஊற்றும் ஸ்பிரிட்டில் மை கரையும், பென்சில் கரையாது. பழைய லேபிள்கள் எங்கே என்று கேட்டாள். குப்பை வண்டி அப்போதுதான் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் கணவர் இறந்து இரண்டு மாதம். கடற்கரை நெடுக ஒன்பது இடங்களில் சேற்றைத் தோண்டி, எங்கே எத்தனை வகைப் புழு என்று கணக்கெடுத்தவர். கடைசித் தடவை எடுத்த புழுக்களைப் பாட்டிலில் அடைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பாட்டில்கள் போய்ச் சேர்ந்தால் அறிக்கை அவர் பெயரில் வரும். சேராவிட்டால் ஆபீசில் அவருக்குக் கீழே இருந்த ஜூனியர் எல்லாவற்றையும் புதிதாகத் தோண்டுவான், அறிக்கையின் அட்டையில் அவன் பெயர் இருக்கும். கரை முழுக்கப் புழுக்கள் ஒரே சீராகப் பரவியிருக்கின்றன என்று கண்டுபிடித்துச் சொன்ன மேதை என்று இரங்கல் கூட்டத்தில் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அவரைப் புகழ்ந்தார். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

நீலத்தையாவது போக்கலாம் என்று தம்பி பாட்டில்களை ஒவ்வொன்றாக டீ வடிகட்டியில் வடித்தான். புழுக்கள் துண்டு துண்டாயின. துண்டானால் தலையை மட்டும்தான் எண்ண வேண்டும் என்று கணவர் எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. எது தலை, எது வால் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை. நாலாவது பாட்டில் முடிந்தபோதுதான், முதல் மூன்றின் துண்டுகளும் வடிகட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைத் தம்பி கவனித்தான்.

ஜூனியருக்குப் போன் செய்து, மூடி ஒழுகுகிறது, ஒரு வாரம் வேண்டும் என்று பொய் சொன்னாள். அவன் குரலில் தேன் ஒழுகியது. மேடம் இந்த நிலையில் சிரமப்படவே வேண்டாம் என்றும், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், நன்றிப் பக்கத்தில் சார் பெயரை முதல் வரியிலேயே போட்டுவிடுவதாகவும் சொன்னான்.

"நன்றியெல்லாம் நீயே வச்சுக்கோப்பா" என்று போனை வைத்தாள்.

ஒன்பது இடத்திலும் தானே சேறு எடுத்துவந்து, அலசிப் புழுக்களைப் பாட்டிலில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கணவரை வருடக்கணக்காக ஏற்றிக்கொண்டு போன படகுக்காரரையே பிடித்தாள். அதிகம் பேசாத மனிதர். ஒன்பது இடத்துக்கும் போக வேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றதும் படகை எடுத்தார்.

படகுத்துறைக்குப் பக்கத்திலேயே முதல் இடம். அங்கே ஒரு பை சேறு எடுப்பது சுலபமாக இருந்தது. இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தம்பி குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்தான். அவள் இறங்கியதும் தொடைவரை புதைந்தாள். தூக்கிவிட வந்த தம்பி இடுப்புவரை புதைந்தான். மண்வெட்டி மொத்தமாகப் போயிற்று. படகுக்காரர் கயிறு போட்டு இருவரையும் மாடு இழுப்பதுபோல் இழுத்தார்.

படகில் சேறும் சகதியுமாகக் கிடந்தபோது அவளுக்குக் கணவரின் நினைப்பு வந்தது. விடியுமுன் போவார், இருட்டிய பிறகு வருவார். கல்யாண நாளிலும் போனார். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் போனார். வந்தால் சாப்பிடுவார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். இப்படி ஒன்பது இடம் ஏறி இறங்கிய மனிதனுக்குப் பேச எங்கே தெம்பிருக்கும்? அத்தனை வருடமாக மனதுக்குள் வைத்திருந்த கோபம் அந்தச் சேற்றோடு வழிந்து போவதுபோல் இருந்தது.

"துறைக்கே திருப்புங்க" என்றாள்.

துறையில் இன்னொரு மண்வெட்டி இரவல் வாங்கி, முதல் பையை நிரப்பிய அதே இடத்தில் மீதி எட்டுப் பைகளையும் நிரப்பினார்கள்.

"அத்தானுக்கு இது துரோகம் இல்லையாக்கா?"

"துரோகம்தான். அவர் பேர் வரணும். தோண்டு."

ஒன்பது லேபிளையும் பென்சிலால் அவளே எழுதினாள். நேர்மையான மனிதனின் பெயரைக் காப்பாற்றத் தான் பொய் எழுதுகிறோம் என்று நினைத்ததும் கண் நிறைந்தது. கிளம்பும் முன் படகுக்காரர் முன்னால் போய்க் கை கூப்பினாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவர் உயிரைக் குடுத்துச் செஞ்ச வேலை."

"சொல்லமாட்டேம்மா, சார் விஷயத்தையே இத்தனை வருஷமா நான் வெளிய விட்டதில்ல" என்றார் அவர், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "ஒன்பது பையையும் இங்கதான் ரொப்புவாரு, பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிடும், அப்புறம் வீட்டுக்குப் போக மனசில்லாம இருட்டுற வரைக்கும் இந்தப் படகுலயே படுத்திருப்பாரு."