எட்டாவது குழந்தை

புது மாப்பிள்ளை மூன்றாவது முறையாக எண்ணினார். மூன்றாவது முறையும் எட்டுதான் வந்தது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஏழு. பஸ்ஸில் ஏறும்போது ஏழு, இறங்கும்போதும் ஏழு. கண்காட்சி வாசலில் பிள்ளைகளுக்கு வாங்கிய டிக்கெட்டும் ஏழு. உள்ளே வந்து, வண்ண விளக்குகளைப் பார்த்து எல்லோரும் "ஆ"வென்று வாயைப் பிளந்து, ராட்டினம் ஏறி இறங்கி, பஞ்சு மிட்டாய்க் கடை முன்னால் நின்றபோது எட்டுக் கைகள் நீண்டன.

அவருக்கு வேலையே எண்ணுவதுதான். பெரிய கிடங்கு ஒன்றில் சரக்குச் சரிபார்ப்பவர். பெட்டி ஒன்று குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. கூடிப்போனால் என்ன செய்வது என்பதற்குப் படிவம் கிடையாது. இந்த ஒன்பது வருடத்தில் அப்படி நடந்ததும் இல்லை.

கல்யாணமாகி மூன்று மாதம். மாமியார் வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். பண்டிகை முடிந்து இரண்டாம் நாள், வீட்டுப் பெண்கள் எல்லாம் சமையலறையில் களைத்துக் கிடந்தபோது, "பிள்ளைங்களை நான் டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று இவர்தான் வாயைக் கொடுத்தார். மாமியார் உருகிப் போனார். மனைவி பெருமையாகப் பார்த்தாள். மூத்த மாப்பிள்ளை மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இரக்கத்தோடு ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன் அவரும் இப்படித்தான் ஒரு குழந்தையைக் கண்காட்சிக்குக் கூட்டி வந்து, அதன் ஒரு ஷூவைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்குப் பெயர் 'ஒத்தை ஷூ'. இன்று அவர் வங்கி மேலாளர், தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் மாமியார், "ஒத்தை ஷூவுக்கு இன்னும் ரெண்டு கரண்டி வை" என்றுதான் சொல்வார்.

ஒரு ஷூவுக்கே இந்தக் கதி என்றால், முழுசாக ஒரு குழந்தை விஷயத்தில் தப்பு செய்தால் என்ன பெயர் வைப்பார்கள்? புது மாப்பிள்ளை நான்காவது முறையும் எண்ணிப் பார்த்தார்.

பிள்ளைகளில் யார் யாருடையது என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. எல்லோருக்கும் 'குட்டி', 'செல்லம்', 'தம்பி' என்று செல்லப் பெயர்கள். குட்டி மட்டுமே மூன்று பேர். மனைவியின் அக்காக்களுக்கு நான்கு பிள்ளைகள், அண்ணன்களுக்கு மூன்று. அதுவரைதான் கணக்குத் தெரியும்.

அதிலேயே அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அக்கா பிள்ளைகளுக்கு அவர் சித்தப்பா. அண்ணன் பிள்ளைகளுக்கு மாமா.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. பஞ்சு மிட்டாய் வேணும்னா ஒவ்வொருத்தரா என்னைக் கூப்பிடணும்!"

"சித்தப்பா!" நான்கு குரல்கள். சரி.

"மாமா!" இதுவும் நான்கு.

மூன்று மாமா வரவேண்டிய இடத்தில் நான்கு மாமா. ஆக, கூடுதல் சரக்கு அந்தப் பக்கம்தான். கண்ணாடி போட்ட பெரிய பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செல்லம், நீங்க மொத்தம் எத்தனை பேரு?"

அவள் திரும்பிப் பச்சை ஸ்வெட்டர் போட்ட சிறுமியைப் பார்த்தாள். "எட்டுப் பேர் மாமா" என்றாள், கண் சிமிட்டாமல்.

"காலையில ஏழு பேர்தானே?"

"காலையில நீங்க தூக்கக் கலக்கத்துல இருந்தீங்க."

அவள் பொய் சொல்வதற்கும் காரணம் இருந்தது. அந்தப் பச்சை ஸ்வெட்டருக்கு அங்கே தெரியாத சந்து பொந்து கிடையாது. எந்த ராட்டினத்தில் கூட்டம் குறைவு, எந்தக் கடையில் கேட்டால் இன்னொரு பிஸ்கட் தருவார்கள், பனிச்சறுக்கு மேடையில் எந்த மூலையில் விழுந்தால் வலிக்காது என்று எல்லாம் சொன்னாள். ராட்டினக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்து, எல்லோரையும் இரண்டாவது சுற்றும் சும்மா ஏற்றிக்கொண்டார். இப்படிப்பட்டவளை யாராவது காட்டிக் கொடுப்பார்களா?

பெரியவர்களிடம் உண்மை வராது, சின்னதைப் பிடிப்போம் என்று தீர்மானித்தார் புது மாப்பிள்ளை. கடைசிக் குட்டிக்கு நான்கு வயது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. மண்டியிட்டு அதன் காதருகே கேட்டார்.

"குட்டிம்மா, இதுல உனக்குத் தெரியாதவங்க யாரு? தொட்டுக் காட்டு பாக்கலாம்."

குட்டி எல்லோரையும் நிதானமாகப் பார்த்தது. பிறகு விரலால் அவர் மூக்கைத் தொட்டது.

"இவுரு!"

சொன்னது போதாதென்று ஊரே கேட்கும்படி இன்னொரு தரமும் சொன்னது. பக்கத்தில் நின்ற காவலாளி திரும்பினார்.

"சார், இந்தப் பிள்ளைங்க எல்லாம் யாரு?"

"என் மனைவியோட அண்ணன் அக்கா பிள்ளைங்க."

"எத்தனை பேரு?"

"ஏழு... எட்டு."

"ஏழா எட்டா?"

"அதைத்தாங்க நானும் காலையில இருந்து பாத்துட்டு இருக்கேன்."

"பேரெல்லாம் சொல்லுங்க."

"குட்டி" என்றார் புது மாப்பிள்ளை. "அப்புறம்... குட்டி."

காவலாளி இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் கை வைத்தார். புது மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது பச்சை ஸ்வெட்டர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இவர் எங்க மாமாதான். ரொம்ப நல்லவர். பஞ்சு மிட்டாய் எல்லாம் வாங்கித் தந்தாரு."

"நீ சொன்னா சரிம்மா" என்று காவலாளி நகர்ந்துவிட்டார். புது மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணை நன்றியோடு பார்த்தார். இவ்வளவு பாசமான பிள்ளை வேற்று வீட்டுப் பிள்ளையாக இருக்க முடியாது என்று மனத்துக்குள் அடித்துச் சொன்னார்.

இருந்தாலும் உறுதி செய்துகொள்வது கிடங்குப் பழக்கம். எல்லோரையும் பெரிய விளக்கு மரத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். எதையும் கேட்கவில்லை. அவளாகப் பார்த்து ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அடுத்த நிமிடமே அவள் போனில் வந்தாள்.

"எவ்ளோ அழகா இருக்காங்க எல்லாரும்! அந்தப் பச்சை ஸ்வெட்டர் சின்ன அண்ணன் பொண்ணுதானே? மூணு வருஷம் கழிச்சு நேத்து ராத்திரிதான் ஊர்ல இருந்து வந்தாங்க, காலையில உங்களோட கிளம்புற வரைக்கும் அவ போர்வையை விட்டே வெளிய வரல. நான் சரியா முகத்தைக்கூடப் பாக்கல. அப்படியே எங்க அண்ணன் மூக்கு!"

"அப்படியா?"

"அம்மா போட்டோவைப் பாத்து எண்ணி, எட்டு டம்ளர் எடுத்து வெச்சுட்டாங்க. நீங்க வந்ததும் பால் காய்ச்சணுமாம். ஒத்தை ஷூ மாமா மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! உங்களைத்தான் எல்லாரும் புகழ்ந்துட்டு இருக்காங்க."

போனை வைத்துவிட்டுப் புது மாப்பிள்ளை கணக்குப் போட்டார். ஏழு பேரோடு போனால், டம்ளர் ஒன்று மிஞ்சும். எட்டுப் பேரோடு போனால், ஊரார் பிள்ளையைத் தூக்கி வந்த குற்றம். ஆனால் ஒரு நல்ல சேதியும் கிடைத்திருக்கிறது. பச்சை ஸ்வெட்டர் நம் வீட்டுப் பிள்ளை. மூக்கே சாட்சி. அப்படியானால் மற்ற மூன்று மாமாக்களில் ஒன்றுதான் கூடுதல்.

அவர் பார்வை நீலத் தொப்பிப் பையன் மேல் விழுந்தது. 'மாமா' என்று கூப்பிட்டதைத் தவிர காலையிலிருந்து வாயே திறக்காதவன். பஞ்சு மிட்டாயைக் கூட ஒளிந்து ஒளிந்து தின்றவன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, எங்கே தேடி அழுகிறார்களோ! உண்மையிலேயே அவர் மனம் கரைந்துவிட்டது.

"வா தம்பி. அம்மாகிட்ட போகலாம்."

"அம்மா வீட்லல்ல இருக்காங்க?"

"ஆமா ஆமா. எந்த வீடுன்னு கேட்டுச் சொல்லிடுவாங்க."

காணாமல் போன குழந்தைகளுக்கான உதவி மேசையை நோக்கி அவனை இழுத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் பையனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மாமா என்னைத் திருப்பிக் குடுக்கப் போறாரு!" என்று வீறிட்டான்.

அவ்வளவுதான். ஆறு பிள்ளைகளும் பின்னாலேயே அழுதபடி ஓடி வந்தன. கண்ணாடிப் பெண், "அவன் என் சொந்தத் தம்பி மாமா!" என்று அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "நீ எட்டுன்னு சொன்னவதானே!" என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனம் ஒதுங்கி வழிவிட்டது. பச்சை ஸ்வெட்டர் மட்டும் அழவில்லை. இருபதடி பின்னால், கால் தேய்த்துத் தேய்த்து, வர மனமில்லாமல் வந்தாள்.

மேசைக்குப் பின்னால் சீருடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். களைத்த முகம், மேசையில் ஆறிப்போன காபி.

"மேடம்," என்றார் புது மாப்பிள்ளை மூச்சிரைக்க, "என்கிட்ட ஒரு குழந்தை கூடுதலா இருக்கு."

அவள் நீலத் தொப்பியைப் பார்க்கவில்லை. அழுகிற பிள்ளைகளையும் பார்க்கவில்லை. எல்லோர் தலைக்கும் மேலாக, பின்னால் ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்த பச்சை ஸ்வெட்டரைத்தான் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஆறு மணி வரைக்கும் வேலைன்னு தெரியுமில்ல, அதுக்குள்ள எதுக்குடி திரும்பி வந்தே? நேத்து நீ சேர்ந்துக்கிட்ட குடும்பம் கடை சாத்துற வரைக்கும் உன்னை வெச்சிருந்தாங்களே!"