கோப்பிக் கிட்டங்கிக்கு ரோஸ் சாயம்

பொகவந்தலாவை,
14-7-1936

கொழும்பில் வாசம் செய்யும் மைத்துனர் சண்முகராஜா பிள்ளை அவர்களுக்கு நாகலிங்கம் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டில் அனைவரும் சுகமாயிருக்க முருகன் துணை. இங்கே நான் மட்டும் சுகமில்லை. தங்கள் தங்கை பூரணி மிகுந்த சுகமாக இருக்கிறாள்.

தைப்பூசத்திற்கு வந்தபோது, என் கடை இருக்கும், அந்தக் காலத்தில் கோப்பிக்கொட்டை மூட்டைகள் அடுக்கிய பழைய கோப்பிக் கிட்டங்கியைப் பார்த்து, "இந்தக் கறுப்புக் கல்லைக் கடைன்னு யாரு மாப்பிள்ளை சொல்லுவா?" என்று தாங்கள் கேட்டது நினைவிருக்கும். அந்த ஒரு வார்த்தையால்தான் அட்டனிலிருந்து பெயின்டர் இக்னேசியஸை வரவழைத்தேன். முகப்பு முழுவதும் சுண்ணாம்பில் கலந்த ரோஸ் சாயம், அதன்மேல் ஆறடி எழுத்தில் என் பெயர் என்று ஏற்பாடு. வாசல் வளைவுக் கற்களில் மீன், அரிவாள் என்று ஏதேதோ கீறல்கள் இருந்தன. வேலையற்றவர்கள் கிறுக்கியது என்று எண்ணி, முதலில் அவற்றின்மேல் பூசச் சொன்னேன்.

மீனை மறைத்துவிட்டு அவன் மேலே ஏறியதும் ஊர் திரண்டுவிட்டது. தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த முதல் ஆட்கள், உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக ஆளுக்கொன்று கீறியவையாம் அவை. கொழுந்து பறிக்கும் அழகம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எங்க தாத்தாவைப் பொதைச்ச எடம்கூட எங்களுக்குத் தெரியாதுங்க. அந்த மீனு ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

கட்டடத்தின் உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது என்றேன். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இக்னேசியஸ் மேலே பலகையில் நிற்கிறான்.

மச்சான், அன்று முழுவதும் ஐம்பது பெண்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் எவரும் எனக்கு ஏணி தரவில்லை. கோயிலில் ஏணியே கிடையாது என்று பூசாரி ஏணியில் நின்றுகொண்டே சொன்னார். சாயம் பூசுவதை நிறுத்தச் சொல்லி டீச்சர் மரியநாயகி எழுதிய மனுவில் முதல் கையெழுத்து பூரணியுடையது. மதியம் எனக்குப் பழைய சோறு. பலகையில் நின்றவனுக்குக் கயிற்றில் கட்டித் தோசை போனது, அதுவும் என் வீட்டிலிருந்து. மூன்றாவது தோசைக்குப் பிறகு அவன் மனம் மாற, அழகம்மா ஏணியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்; அவன் இறங்கி, வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கி, வளைவுக் கற்களின் சாயத்தைத் தானே கழுவ ஆரம்பித்தான்.

சாயத்தோடு பல வருடப் பாசியும் போய், அதுவரை எவரும் காணாத ஒரு தராசு கல்லில் தெரிந்தது. எழுபது கடந்த பழனியாண்டி அதைத் தடவிப் பார்த்தார்.

"இது உங்கப்பா கீறினதுங்க. கால் வெடிச்சு நடக்க முடியாம எங்கப்பா தோள்லதான் வந்தாரு. என்னைக்காச்சும் கடை வைப்பேன்னு சொல்லித் தராசு போட்டாரு," என்றார், எல்லோர் முன்னிலையிலும்.

எங்கள் குடும்பம் குதிரை வண்டியில் வந்து இறங்கியது என்று பெண் பார்க்க வந்தபோது தங்களிடம் சொல்லியிருந்தோம். உள்ளே போய்ப் புளி மூட்டையின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் உரிமை உரிமைதான். நல்ல வக்கீல் ஒருவரை உடனே ரயிலேற்றி அனுப்பவும். நான் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

தங்கள் பிள்ளைகளுக்கு இந்த மழையில் சளி பிடிக்காமல் மாரியம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
நாகலிங்கம்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். கிட்டங்கியைக் காப்பதற்கு ஒரு சங்கம் அமைத்து, என்னையே தலைவராக்கிவிட்டார்கள். கட்டட உரிமையாளரைக் கண்டிக்கும் தீர்மானத்தை நான்தான் முன்மொழிந்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. வக்கீல் வந்தால் சங்கத்தின் பக்கம் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பவும்.