டச்சு காபி பஸ்ஸின் ஹேண்ட் பிரேக்

பஸ் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்பது பொதுமக்களிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணம். அதைத் திருத்தும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கைக்கு வந்ததையெல்லாம் போட்டு, கழித்துக்கட்டிய பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். எஞ்சின் இருந்த இடத்தில் அடுப்பை வைத்தேன். பழவேற்காட்டில் ஏரியைப் பார்க்க நிறுத்தி, நெற்றியில் ‘டச்சு காபி பஸ்’ என்று எழுதினேன்.

ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த ஊர் என்பதால், அப்போது எங்கள் ஊரில் டச்சு இல்லாமல் எதுவும் விற்காது. டச்சு சலூன், டச்சு பிரியாணி, டச்சு ஜெராக்ஸ் எல்லாம் வந்துவிட்டன. என் காபித்தூள் பொன்னேரியில் வாங்கியது.

கரை சரிவாக இருந்ததால் முன்சக்கரத்துக்கு ஒரு கல் அண்டக் கொடுத்திருந்தேன். எல்லம்மாக்காவிடம் இரவல் வாங்கியது. அவள் ஏரியில் இறங்கிக் கையாலேயே துழாவி நண்டும் இறாலும் பிடிக்கிறவள். கல்லில் ஒரு கப்பல், ஒரு மண்டையோடு, எங்கள் ஊரில் யாராலும் படிக்க முடியாத எழுத்துகள். அவள் அதில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள்.

கடை திறந்த வாரமே வாகன ஆய்வாளர் வந்தார்.

“ஹேண்ட் பிரேக் எங்கே?”

“இது ஓடாது சார். எஞ்சினே இல்லை.”

“எஞ்சின் இல்லாட்டி பரவாயில்லை. ஓடாது, ஆபத்து இல்லை. பிரேக் இல்லாட்டி நிக்காது.”

“நின்னுக்கிட்டுதானே சார் இருக்கு?”

“அப்படின்னா இது கட்டடம். ஏரிக்கரையில கட்டடம் கட்ட அனுமதி கிடையாது. வண்டின்னா நிறுத்திக்கலாம். ஆனா நகரக்கூடிய வண்டி நகராம இருக்கும்னு நிரூபிக்கணும். வெள்ளிக்கிழமை வருவேன். பிரேக் இல்லேன்னா வண்டி காயலான் கடைக்கு.”

இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானும் அரசுப் பணியில் இருந்தவன்தான்.

ஹேண்ட் பிரேக் என்றால் ஒரு லீவர், பல் வெட்டிய ஒரு தகடு, பல்லில் விழுந்து பிடிக்கும் ஒரு கொக்கி. அவ்வளவுதான். ஆனால் இந்த மாடல் பஸ் உற்பத்தி நின்று காலமாகிவிட்டது. அனுப்பம்பட்டில் இறங்கி, ஒவ்வொரு பழைய இரும்புக் கடையாகப் பொன்னேரிவரை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் சிரித்தார்.

“எங்கிட்ட கேக்கறியே! இருந்ததெல்லாம் உங்க ஊரு ஆளுங்கதான் தோணிக்கு நங்கூரம்னு வாங்கிக்கினு போனாங்க.”

ஊர் திரும்பி எல்லம்மாக்காவிடம் புலம்பினேன்.

“அதுக்கா இம்மாந்தூரம் போன? கைப்பிடி வச்ச இரும்பு ஒண்ணு ஏரியில தோணிரேவு ஊர் பக்கம் என் கையில ஆப்டுச்சு. நண்டுன்னு நெனச்சி இழுத்தேன். மரபு ஆபீஸ் தேவதாஸ் சார் வந்து கும்புடு போட்டு வாங்கிக்கினு போனார்.”

மரபு அலுவலகத்தில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டின்மேல் படுத்திருந்தது. கீழே பலகை: ‘டச்சுக் கப்பலின் நங்கூரப் பூட்டு. பதினேழாம் நூற்றாண்டு.’

“சார், இது பஸ் பிரேக். கைப்பிடியில ரப்பர் இருக்கு பாருங்க.”

தேவதாஸ் பொறுமையாகப் பார்த்தார். “அந்தக் காலத்திலேயே அவங்க அவ்வளவு முன்னேறியிருக்காங்க.”

“டச்சுக்காரங்க காலத்துல ரப்பர் ஏது சார்?”

“உங்க காபி டச்சுன்னு எழுதியிருக்கீங்களே, நான் ஏதாவது கேட்டேனா?”

அதற்குமேல் வரலாற்று ஆராய்ச்சியைத் தொடரும் தகுதியை நான் இழந்தேன்.

காபி வரவழைத்துப் பேசினோம். முடிவில், மேற்படி தொல்பொருளை என் பஸ்ஸில் கிளைக் காட்சியாக வைக்க அவர் அனுமதித்தார். பலகையும் கூடவே வரும். பொருத்தலாம். தொடக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். தேவதாஸும் உடனிருந்தார். லீவர் அதன் இடத்தில் இருந்தது. இழுத்துப் பார்க்க ஆய்வாளர் கையை நீட்டினார்.

“தொடக் கூடாது. தொல்பொருள்,” என்றார் தேவதாஸ்.

ஆய்வாளர் கையை மடக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “இருக்கான்னு பார்க்கிறதுதான் ஆய்வு. இருக்கு.” பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “பிரேக் இருக்கிற வண்டிக்குக் கல் எதுக்கு? துறைமேல நம்பிக்கை இல்லையா?”

“இந்தக் குப்பையால காட்சியே கெடுது,” என்றார் தேவதாஸ்.

நாங்கள் மூவரும் சேர்ந்து அந்தக் கல்லை உருட்டி ஏரியில் தள்ளினோம். கப்பல், மண்டையோடு, எழுத்து எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்து உள்ளே போயின. அரசும் பொதுமக்களும் தோளோடு தோள் நின்று செய்த வேலை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து காபி குடித்தோம். முதல் வாய் குடிக்கையில் கரை பின்னால் போவதுபோல் தோன்றியது. இரண்டாவது வாயில் கால் நனைந்தது. பழக்கதோஷத்தில் நான் விசில் ஊதினேன். பஸ் நிற்கவில்லை.

“லீவரை இழுய்யா!” என்று ஆய்வாளர் கத்தினார்.

“தொடாதே!” என்று தேவதாஸ் கத்தினார்.

நான் இருவருக்கும் கீழ்ப்படிந்து நடுவில் நின்றேன். முழங்கால் ஆழத்தில் பஸ் வேகம் குறைந்து, சேற்றில் மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் முகம் தெளிந்தது.

“தண்ணியில இருக்கறது வண்டி இல்லை. என் துறையில வராது.”

“அப்போ கலம்,” என்றார் தேவதாஸ். “கலத்துக்கு நங்கூர ஏற்பாடு வேணும்.” பலகையை உரக்கப் படித்தார். “இருக்கு.”

எல்லாம் முறைப்படி இருப்பதாக இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, பஸ் இன்னும் வழுக்கியது. பக்கத்தில் நண்டு துழாவிக்கொண்டிருந்த எல்லம்மாக்கா வைதுகொண்டே வந்தாள். சக்கரத்துக்குக் கீழே இடுப்பு ஒடியக் குனிந்து, எதையோ புரட்டி அண்டக் கொடுத்தாள். பஸ் நின்றது.

இன்று என் கடை தண்ணீரில்தான் நடக்கிறது. பட்டணத்துக்காரர்கள் தோணியில் வந்து காபி குடித்து, லீவரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு என்று நானே கண் கலங்க விளக்குகிறேன். தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எல்லம்மாக்கா மட்டும் வந்து ஜன்னலைத் தட்டுவாள்.

“கண்டக்டரே, என் கல்லை எப்ப தருவ? கத்தி மழுங்கிப்போச்சு.”

“எடுத்தா பஸ் ஓடிடும்க்கா.”

“அப்ப உள்ள வச்சிருக்கியே, அந்த இரும்பு இன்னாத்துக்கு?”

நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். “மெதுவா பேசுக்கா. அது டச்சு.”