நல்ல நேரத்துக் கையெழுத்து

"பெத்த பையன் என்னை நாளெண்ணி வெளியே தள்ளுறானே!"

சேனாபதி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு, இவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் கனடாவில், மிசிசாகாவில், இயந்திரக் கம்பெனியில் உழைத்து ஓய்வு பெற்றவர் சேனாபதி. அங்கே பனி கொட்ட ஆரம்பித்தால் மனைவி ராமாத்தாளைக் கூட்டிக்கொண்டு டெக்சாஸுக்கு வந்துவிடுவார். பேர்லேண்டில் மகன் ரஞ்சித்குமார் வீட்டில் குளிர்காலம் கழியும். அன்று ஊர்ச் செய்தி பார்க்கலாமென்று மகனுடைய லேப்டாப்பைத் திறந்தார். திறந்தது வினை. "அப்பா, அம்மா. தங்கின நாள் 118. மீதி நாள் 36" என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அதுவும் சிவப்பில்.

"ஏன்டா, லாட்ஜுல ரூம் போட்டவனுக்குத்தான்டா நாள் எண்ணுவாங்க. அப்பனுக்கு எண்ணுவாங்களா?"

"அப்பா, இது டாக்ஸ் ரூல். நாள் தாண்டுச்சுன்னா நீங்க யூஎஸ்லயும் டாக்ஸ் ஃபைல் பண்ணணும். கனடால இலவச வைத்தியத்துக்கான உங்க ஹெல்த் கார்டும் போயிடும். ஐ ஆம் ஜஸ்ட் ட்ராக்கிங்."

"சிவப்புல எழுதியிருக்கறயே, அதுவும் ரூலா?"

"அது கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ப்பா. நாள் கொறைஞ்சா தானா செவப்பாயிடும்."

"அப்பனுக்கே கண்டிஷனா!"

அதற்கு மேல் பேசினால் ரத்தக் கொதிப்பு மாத்திரை இன்னொன்று செலவாகும். சேனாபதி எழுந்தார். மீசையைத் தடவினார். சபதம் செய்தார்.

"ராமாத்தா! உயிலை மாத்தறேன். மிசிசாகா ஊட்டுல ஒரு செங்கல் இவனுக்குக் கெடையாது. ரிட்டயர்மென்ட் பணத்துல ஒரு டாலர் கெடையாது. அத்தனையும் பெருந்துறைல இருக்கற எங்கண்ணன் மகன் செல்வராஜுக்கு!"

செல்வராஜ் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுகிறவன். அதுவும் மிஸ்டு கால். ஆனால் கோபத்தில் இருக்கிறவருக்கு வாரிசு கிடைத்தால் போதும், வாரிசின் குணம் எதற்கு?

சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ராமாத்தாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எழுதுங்க. நல்ல நேரம் பாத்து எழுதுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை ஒம்பதரைலருந்து பத்தரை. அப்பறம் ராகு காலமுங்க."

இவ்வளவு லேசாகச் சம்மதிக்கிற பெண்டாட்டியைப் பார்த்து ஒரு புருஷன் பயப்பட வேண்டாமா? சேனாபதி பயப்படவில்லை. கோபத்துக்கு முன்னால் புத்தி எங்கே நிற்கும்?

நல்ல நேரம் என்றால் அவருக்கு அத்தனை நம்பிக்கை. மிசிசாகா வீட்டை ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அந்தக் குளிர்காலமே பேஸ்மென்டில் முழங்காலளவு தண்ணீர். அன்றிலிருந்து நல்ல நேரம் இல்லாமல் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். நேரம் பார்க்கும் பொறுப்பு ராமாத்தாளுக்கு. ஈரோட்டிலிருந்து வருஷா வருஷம் வரவழைக்கும் தினக் காலண்டர் அவள் கையில். பத்திரத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவுவதும் அவள்தான்.

ஒரு வாரம் மகனோடு பேச்சில்லை. அவன் காரிலும் ஏறுவதில்லை. பால் வாங்க நடந்தே கிளம்பினார். காரில்லாமல் கால் வைக்க வழியில்லாத ஊர். மருமகள் வான்மதி காரை ஊர்வலம்போல் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தாள்.

"மாமா, ஏறிக்குங்க மாமா. எல்லாரும் ஹார்ன் அடிக்கறாங்க."

"அடிக்கட்டும். சேனாபதி நடக்கறான்னு தெரியட்டும்!"

அரை மைலில் முட்டி வலித்தது. ஏறிக்கொண்டார். ஆனால் பின்சீட்டில், ஜன்னல் பக்கம் திரும்பி, கோபமாகத்தான் உட்கார்ந்தார். காலையில் இட்லியையும் கோபமாகத்தான் சாப்பிட்டார். எட்டு.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பதரைக்கு வேட்டி மடிப்புக் கலையாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் ராமாத்தாள், மடியில் மஞ்சள் கிண்ணம். திரையில் மிசிசாகா வக்கீல் விஷாகா. இவர்கள் வீட்டுக் காகிதமெல்லாம் எழுதுகிற பெண். காபி கொடுக்க வந்த ரஞ்சித்குமாரும் கதவோரம் நின்றுவிட்டான்.

"சொல்லுங்க அங்கிள், என்ன மாத்தணும்?"

"ஊடு செல்வராஜுக்கு. எழுதிக்கம்மா!"

"அது முடியாதே அங்கிள். வீடு உங்க ரெண்டு பேர் பேர்லயும் ஜாயின்ட். உங்களுக்கு அப்புறம் நேரா ஆன்ட்டிக்குப் போயிடும். உயிலுக்குள்ள வராது."

"எப்பருந்து?"

"பத்து வருஷமா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

சேனாபதியின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. "செரி, ரிட்டயர்மென்ட் கணக்கு?"

"பேங்க் ஃபார்ம்ல உங்களுக்கு அப்புறம் ஆன்ட்டின்னு இருக்கு அங்கிள். நேரா அவங்களுக்கு."

"சேமிப்புக் கணக்கு?"

"அதுவும் ஆன்ட்டிக்குத்தான்."

"ஏம்மா, நீ வக்கீலா இல்ல என்ற மாமியாரா? இதையெல்லாம் ஏன் அப்பவே சொல்லலை?"

"சொன்னேன் அங்கிள். முக்கால் மணி நேரம் சொன்னேன். நீங்க சுவர்க் கடிகாரத்தையே பாத்துட்டிருந்தீங்க. 'நல்ல நேரம் முடியப் போவுது, பேனாவைக் குடு'ன்னு கத்தினீங்க."

சேனாபதிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் காதோரம் ஒரு குரல். "ஏனுங்க, இன்னும் நாலே நிமிஷந்தானுங்க." ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பூசிய மூலையும், அதன் பக்கத்தில் காலியாக இருந்த கோடும் மட்டுமே கண்ணில் பட்டன. மூலைக்கு மூலை இவருக்கு மஞ்சள் தடவியிருக்கிறாள். ஆட்டுக்குத் தடவுவதுபோல.

"கார்! பழைய கார் என்ற பேர்லதான் இருக்குது! அதை எழுது செல்வராஜுக்கு!"

ராமாத்தாள் மெதுவாக இருமினாள். "மிசிசாகாலருந்து கெளம்பறதுக்கு முந்தின நாள் பக்கத்தூட்டு வெள்ளியங்கிரி அண்ணனுக்குக் குடுத்துட்டமேங்க. நீங்கதானே பேர் மாத்திக் குடுத்தீங்க. அன்னிக்கும் நல்ல நேரந்தான்."

சேனாபதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கோபத்தில் ஒரு பெரிய யோசனை பளிச்சென்று உதித்தது.

"இருடி இரு! எனக்கு முந்தி, சுமங்கலியாப் போய்ச் சேரணும்னு தெனம் சாமி கும்புடறவளாச்சே நீ! நீ முந்திட்டா அத்தனையும் எனக்குத்தானே? அப்ப என்ற உயில் செல்லுமில்ல? என்னம்மா விஷாகா?"

"ஆன்ட்டி முதல்ல போனா செல்லும் அங்கிள்."

"பாத்தியா!"

"அந்த வேண்டுதலைப் போன வெள்ளிக்கெழமையே இந்த ஊரு மீனாச்சி கோயில்ல வாபஸ் வாங்கிட்டேனுங்க," என்றாள் ராமாத்தாள். "அர்ச்சனைத் தட்டோட. இப்பத் தெனம் ரெண்டு மைல் நடக்கறேன்."

கதவோரம் காபி டம்ளர் குலுங்கியது. மகன் சிரிப்பை அடக்க, காபி அடங்கவில்லை.

"சிரிக்காதடா! நாளெண்ணற பயலே!"

"அவனை ஏனுங்க வையறீங்க?" முதல்முறையாக ராமாத்தாளின் குரல் உயர்ந்தது. "எண்ணச் சொன்னதே நான்தான். போன வருஷம் உங்க நெஞ்சுல குழாய் வெச்சாங்களே, அந்தக் கார்டுலதானே வெச்சாங்க? அது போச்சுன்னா அடுத்த குழாய்க்கு எங்க போறது? உங்களை அனுப்பறதுக்கா எண்ணறான்? அடுத்த வருசமும் நீங்க முழுசா வரோணும்னு எண்ணறான். செகப்பா வர வெக்கச் சொன்னதும் நான்தான். வேற கலர்ல போட்டா உங்க கண்ணுல படுமா?"

சேனாபதி மகனைப் பார்த்தார். மகன் காபியை நீட்டினான். வாங்கிக்கொண்டார். கோபமாகத்தான் வாங்கிக்கொண்டார். ஒரு மடக்குக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மணி பத்து இருபத்தாறு. நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம் இருந்தது. கையெழுத்துப் போட ஒன்றுமில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் உழைச்சேனே," என்றார். "கடைசீல என்ற ஒருத்தன் பேர்ல மட்டும் என்னதான்டி இருக்குது?"

ராமாத்தாள் மஞ்சள் கிண்ணத்தை மூடினாள்.

"கோவந்தானுங்க. அதை மட்டும் ஜாயின்ட் போட வேண்டாம்னு நான்தான் சொல்லிப்போட்டேன்."