அமாவாசையில் போட்ட தளம்

செஞ்சி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஆனந்தராஜுக்கு,

மாமா தனகோட்டி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா வளர்மதி, கட்டிக்கொண்டிருக்கும் உன் வீடு, மூவரும் நலம். குவைத்தில் வெயிலும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். உன் அக்கா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

எதிர்வீட்டு கோதண்டராமன் உனக்கு ஏதோ வீடியோ அனுப்பினாராம். அதைப் பார்த்துவிட்டு, "இனிமே திண்டிவனம் இன்ஜினியர் பாத்துக்கட்டும் மாமா" என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். ஒரே வரி! படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கிச்சு என்பாள் உன் அக்கா, நம்பாதே.) கண்டக்டராக இருந்தவரைக்கும் நான் விசில் ஊதினால்தான் வண்டியே நகரும். ரிட்டையர் ஆன மறுநாளிலிருந்து வீட்டு ஃபேன்கூட என் பேச்சைக் கேட்பதில்லை. சும்மா கிடக்க மனசு வராமல், ஆன்லைனில் கட்டட மேனேஜ்மென்ட் கோர்ஸ் படித்து, சர்டிபிகேட்டை லேமினேஷன் போட்டு மாட்டி, நீ நம்பிக் கொடுத்த முதல் சைட் இது. இங்கே சித்தாள் முதல் சிமெண்ட் கடைக்காரர் வரை என்னை மேனேஜர் என்கிறார்கள் மாப்பிள்ளை. அதைப் பிடுங்கிவிடாதே. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

தளம் போட நாள் குறித்தது நான்தான். நிறைஞ்ச அமாவாசை, அதைவிட நல்ல நாள் ஏது? கொத்தனார் வீரமணியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். சந்தோஷத்தில் சிரிக்கிறான் என்று நினைத்தேன். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தானாம் பாவி. அன்றைக்குக் காலையில் அனந்தபுரத்திலிருந்து மிக்சர் மிஷின் வந்துவிட்டது. நேரம் தவறக்கூடாது என்பது கோர்ஸில் முதல் பாடம். டபுள் விசில் கொடுத்தேன், மிஷின் சுற்றியது, கூட வந்த ஆட்கள் முதல் கலவையைச் சென்ட்ரிங் பலகை மேல் கொட்டிவிட்டார்கள். அப்புறம்தான் திரும்பிப் பார்க்கிறேன், சட்டி தூக்க ஓர் ஆள் இல்லை. வீரமணிக்குப் போன் போட்டால் ஒரே கூட்ட இரைச்சல். "மலையனூர்ல இருக்கேன் சார், நாளைக்கி வரேன்" என்று வைத்துவிட்டான். மிஷின்காரனோ, "ஆரம்பிச்ச தளத்த பாதில உட்டா மழைக்கு ஒழுவும் சார்" என்கிறான். உன் வீடு ஒழுகலாமா?

ஓடினேன் மெயின் ரோட்டுக்கு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் அமாவாசை ஸ்பெஷல் பஸ் ஒன்று பிதுங்கப் பிதுங்க வந்துகொண்டிருந்தது. விசிலை எடுத்து ஊதினேன். டிரைவர் பூவராகவன் என்னோடு எத்தனையோ வருஷம் ஓட்டியவர், ஆளைக்கூடப் பார்க்கவில்லை, சத்தத்துக்கே பிரேக்கை அழுத்திவிட்டார். ஏறிப் பார்த்தால் ஜன்னலோரம் நம்ம சித்தாள் சின்னப்பொண்ணு, மஞ்சள் புடவையும் மடியில் எலுமிச்சம்பழ மாலையுமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் செட்டு பூராவும்.

"இன்னாம்மா இது, வேலைய உட்டுட்டு?" என்றேன்.

"நல்லா கேட்ட போ! அமாவாசைல எவன் வேலைக்கு வருவான்? வருசக்கணக்கா நீதானே எங்கள இதே பஸ்ல திணிச்சிகினு போன?"

உண்மைதான் மாப்பிள்ளை. அத்தனை வருஷமும் டிக்கெட்டுக்கு நீண்ட கையைப் பார்த்தேனே தவிர முகத்தை எங்கே பார்த்தேன்? அந்தக் கூட்டம் எங்கேயோ வெளியூரிலிருந்து வருது, நம்ம ஊர்க்காரன் எல்லாம் வீட்டில் இருக்கிறான் என்றே நினைத்துவிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "அழாத, அம்மா ஊஞ்சல் ராத்திரிக்குத்தான். போட்டு குடுத்துட்டே போறோம். சீட்டு போச்சுன்னா நீதான் பொறுப்பு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழக்க தோஷத்தில், "எல்லாம் எறங்கு, எறங்கு, சீக்கிரம்" என்று குரல் கொடுத்தேனா, பஸ்ஸே இறங்கிவிட்டது! விழுப்புரத்து மாமியார் மருமகள், பொங்கல் பானை, கைக்குழந்தை, உடுக்கை அடிக்கிறவர் உட்பட. எதுக்கு இறங்கினோம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கண்டக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். உடுக்கைக்காரர் அடிக்க, மிக்சர் சுற்ற, ஓர் அம்மாவுக்கு அருள் வந்து, "டேய், தண்ணிய கம்மியா ஊத்துடா" என்றாள் பாரு, மிஷின்காரன் வெலவெலத்துக் குழாயைத் திருகிவிட்டான். அதனால்தான் கலவை அவ்வளவு கெட்டி.

ஒரே ஒரு தப்பு நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். தளம் போடுகிற நாளில் ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது முறை என்று ஒரு அண்டா மட்டன் பிரியாணி சொல்லியிருந்தேன். அமாவாசையில் எவன் தொடுவான்? உன் அக்கா அவசரமாகத் தக்காளி சாதம் கிளறினாள். பிரியாணி அண்டா அங்கேயே மணந்துகொண்டிருந்தது. விரதத்தில் இருந்த கோதண்டராமனுக்கு அதில்தான் எரிச்சல், வீடியோ எடுத்துவிட்டார். மற்றபடி சாயங்காலத்துக்குள் தளம் முடிந்து, அத்தனை பேரையும் நானே ஏற்றி அனுப்பினேன். பூவராகவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், எதற்கென்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் சர்வீஸில்கூட இருந்ததில்லை. இவ்வளவு செய்தவனை விட்டுவிட்டு, பேன்ட் மடிப்புக் கலையாமல் வந்து போகிற இன்ஜினியர் எதற்கு மாப்பிள்ளை? யோசித்துப் பார்.

தண்ணீர் நிறையக் குடி. தங்கை ஜெயஸ்ரீக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அங்காளம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள், உன் வீட்டை நான் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மாமா,
ந. தனகோட்டி,
சைட் மேனேஜர்

பி.கு.: இதைப் போட்டோ எடுக்க உன் அக்கா சைட்டுக்கு வந்தாள். அண்ணாந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மாடிக்கு எப்புடி ஏர்றது?" என்று கேட்டாள். சென்ட்ரிங் ஆள் மூலையில் பெரிய ஓட்டை ஒன்று விட்டிருந்தான். அத்தனை கூட்டத்தில் எந்தப் பிள்ளையாவது விழுந்துவிடப் போகிறதே என்று நான்தான் பலகை அடித்து, கம்பி கட்டி, அதன்மேலும் கலவை கொட்ட வைத்தேன். அது படிக்கட்டுக்காம். திண்டிவனம் இன்ஜினியரை உடனே வரச் சொல். நான் யாரென்று அவர் கேட்டால், சொந்தக்காரர், பொழுது போகாமல் வந்து நிற்பார் என்று சொல்லிவிடு.