மாட்டைச் சாட்சிக்கு அழைத்தவர்

சாப்பாட்டை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், சாப்பாட்டைக் கடமையாகக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. தன் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை இவர் தன் நாக்கைக் கேட்டும் முடிவு செய்வதில்லை, வைத்தியரைக் கேட்டும் முடிவு செய்வதில்லை. ஏதாவது ஒரு மிருகத்தைக் கேட்டு முடிவு செய்கிறார். உங்கள் தட்டுக்கும் அதே தீர்ப்புதான். மிருகம் வாய் திறந்து மறுக்காது என்பது இவருக்கு எவ்வளவு வசதி, யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு துண்டு இறைச்சியை வாயருகே கொண்டுபோகும்போது எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டு, "ஒட்டகத்தைப் பாருங்க" என்று ஆரம்பித்தால், அவரேதான். துண்டை உடனே விழுங்கிவிடுங்கள். அவர் முடிப்பதற்குள் ஆறிவிடும்.

அரபு நாட்டு மிர்பாத் கடற்கரையில் இந்த இனத்துக்கு முஸல்லத்தைவிட நல்ல மாதிரி கிடைக்காது. வலை நிறைய வரும் மத்தி மீனைக் கடலோரக் களத்தில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டி, மலையில் மாடு மேய்ப்பவர்களுக்கு விற்பது அவர் தொழில். எட்டு மாதங்களுக்கு முன் அவர் இறைச்சியை விட்டார். மீனையும் விட்டார். விட்டதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. காப்பி குடிக்க வந்தவரிடம், முடிவெட்டுகிறவரிடம், மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டு நிற்பவரிடம், எல்லோரிடமும் உதட்டை விரலால் ஒதுக்கித் தன் பல்லைக் காட்டத் தொடங்கினார்.

"இதுவா கோரைப்பல்? இதை வெச்சு ஒரு பேரீச்சம்பழத்தைக் கிழிக்க முடியுமா? நமக்குப் படைச்சவன் குடுத்தது ஒட்டகத்தோட பல்லு."

ஒட்டகத்துக்கு எப்படிப்பட்ட பல் என்று அவர் வாயைத் திறந்து பார்த்தாரா? கேட்காதீர்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் அவருக்குக் கோபம் வரும்.

குறுக்கு விசாரணை செய்ய வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தார்: மனைவி துஃபூலின் தம்பி ஸாலிம். அவரும் இதே இனம்தான், கட்சி மட்டும் வேறு. அவருடைய சாட்சி, மிர்பாத்துக்கு மேலே மலையில் இருப்பதாகச் சொல்லப்படும் சிறுத்தை.

"மச்சான், சிறுத்தை புல்லா திங்குது? அது பாய்ச்சலைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல. ஏன் பாத்ததில்ல? மலை முழுக்கத் தேடினாலும் ஒண்ணு ரெண்டுதான் மிச்சம். ஒட்டகம் எத்தனைன்னு சலாலா ரோட்டுல வண்டி ஓட்டறவனைக் கேளு."

"ஒட்டகத்தைக் கல்யாணத்துக்கு அறுத்துத் திங்கறோம் மச்சான். சிறுத்தையை யாரு திங்கறா?"

இப்படியே மாலை முழுவதும் போகும். துஃபூல் இருவருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்பாள். அவளுக்கு ஒன்று தெரியும், அதை அவள் சபையில் சொன்னதில்லை. எட்டு மாதத்துக்கு முன் பெருநாள் விருந்து முடிந்த மறுநாள் காலையில் முஸல்லத்தின் அண்ணன் ஆமிர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. நெஞ்சு கனமாக இருக்கிறது என்று சொல்லித்தான் படுத்தார். அடக்கம் முடிந்து திரும்பிய அன்று முஸல்லம் தட்டைத் தள்ளிவைத்தார். அண்ணன் பெயரை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஒட்டகத்தின் பெயரைத்தான் எடுத்தார்.

இதெல்லாம் இருக்கட்டும் என்று அவளும் விட்டிருப்பாள், மகள் ராயாவைப் பெண் கேட்டு மலையிலிருந்து பகீத் குடும்பம் வருகிறது என்ற சேதி வராமல் இருந்திருந்தால். பையன் சுஹைல் நல்ல பையன், ராயாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். பெண் வீட்டில் அவர்களுக்காக ஓர் உயிரை அறுத்துச் சோறு போட்டால் சம்மதம். அறுக்காவிட்டால் அவர்கள் சண்டை போட மாட்டார்கள், காரணம் கேட்க மாட்டார்கள். சோற்றில் கை வைக்காமல் காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்கு அவர்கள் வண்டி வராது.

"ஒரு ஆடுதான் கேக்கறேன், ராயா வாப்பா," என்றாள் துஃபூல். "நீங்க திங்க வேணாம். பாக்கக்கூட வேணாம்."

"ஆட்டைப் பாரு. அது யாரையாவது தின்னுச்சா?"

"வாப்பா, அவங்க எழுந்து போயிட்டா நான் ஆட்டையா கட்டிக்கறது?" என்றாள் ராயா.

மகளே மடக்கிவிட்டால் இந்த இனம் என்ன செய்யும்? சாட்சியைக் காப்பாற்றும். ஸாலிம் முதல்நாளே கொண்டுவந்து பின்கட்டில் கட்டியிருந்த ஆட்டை, விருந்தாளிகள் வரும் காலையில், முஸல்லம் அவிழ்த்துவிட்டார்.

பகீத் உள்ளே வந்து சுவரோரத்து மெத்தையில் சாய்ந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். தலையில் முண்டாசு, கையில் மாட்டுக்கோல். பக்கத்தில் சுஹைல், நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பெரிய தாம்பாளம் வந்தது. சோற்றுக் குன்று, மேலே வறுத்த வெங்காயம், திராட்சை, தேங்காய். ஆட்டுத்தலை இருக்க வேண்டிய உச்சியில் முழுசாக வெந்த ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

ஸாலிம் கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் ராயா அம்மாவின் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

பகீத் பூசணியைப் பார்த்தார். பூசணியைச் சுற்றியும் பார்த்தார். கை தாம்பாளத்துப் பக்கம் போகவில்லை. காப்பிக் கிண்ணத்தை எடுத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். முஸல்லம் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, நீங்க மாட்டோட வாழ்ந்தவர். உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க மாட்டையே பாருங்க. எவ்வளவு பலம், எவ்வளவு சாது. ஒரு நாளாவது இன்னொரு உயிரை வாயில வெச்சிருக்கா?"

பகீத் சன்னல் பக்கம் திரும்பினார். சன்னலுக்கு வெளியே கருவாட்டுக் களம் வெயிலில் வெள்ளியாக மின்னியது. அதன் நடுவில், காலையில் விடுதலை பெற்ற ஆடு நின்றுகொண்டு, தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தது.

"அந்த ஆடு என்ன திங்குது?"

"தீனி," என்றார் முஸல்லம்.

"என்ன தீனி?"

"மத்தி."

"மத்தி எந்தச் செடியில காய்க்குது, ராயா வாப்பா?"

பகீத் காப்பியை ஒரு மிடறு குடித்தார்.

"பதினெட்டு வருஷமா புல்லு காயற மாசத்துல உங்க களத்துலதான் மூட்டை வாங்கறேன். என் மாடு ஒவ்வொண்ணும் ஒரு கடலையே தின்னிருக்கும். அந்த மாசத்துப் பாலைக் குடிச்சா வாயில மீன் நீந்தும்."

முதலில் சிரித்தது சுஹைல். அடக்கப் பார்த்து முடியாமல் தும்மல்போல வெளியே வந்துவிட்டது. பிறகு ஸாலிம். கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சத்தம் கேட்டது. முஸல்லம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக உலர்த்தி, புரட்டி, மூட்டை கட்டிய பொருள். அது தீனி. அது உயிர் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

சிரிப்பு அடங்கியதும் பகீத் கேட்டார்: "ஆமிர் இருந்தப்ப இந்த வீட்டுல நான் வயிறு வெடிக்கத் தின்னிருக்கேன். இப்ப என்ன வந்துச்சு?"

"அண்ணன்," என்றார் முஸல்லம். பிறகு, "ஆமிர் அன்னிக்கு ராத்திரி நல்லா சாப்பிட்டார்" என்றார். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் எந்த மிருகத்தையும் கூப்பிடவில்லை.

பகீத் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையைக் கழுவி, சட்டைக்கையை மேலே சுருட்டி, பூசணிக்காயின் மண்டையைப் பிய்த்து வாயில் போட்டார்.

"நல்லா வெந்திருக்கு," என்றார். "என் மாடு திங்கறதா நீங்க நெனச்சதை இன்னிக்கு நான் திங்கறேன். கல்யாணத்தன்னிக்கு என் வீட்டுல, என் மாடு உண்மையிலேயே திங்கறதை நீங்க திங்கணும். சம்மதமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து துஃபூல் சொன்னாள்: "சம்மதம்."

கல்யாணம் மலையில் நடந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சூடான கல்லில் சுட்ட இறைச்சி. முஸல்லத்துக்கு முன்னால் தனியாக ஒரு தட்டு, அதில் அவர் களத்து மத்தியே, அவர் மூட்டையிலிருந்தே எடுத்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவர் ஒன்றை மென்றார். இரண்டாவதை மென்றார். மூன்றாவதை யாரும் கேட்காமலே எடுத்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வெள்ளிக்கிழமை ஸாலிம் காப்பி குடிக்கப் போனபோது முஸல்லம் பொரித்த மீனோடு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டைப் பாரு மச்சான். புல்லு மட்டும் போதும்னா அது ஏன் மீன் திங்குது? மனுசனுக்கு ஏத்தது புல்லும் மீனும்தான். அதுக்கு மேல ஒரு துண்டு ஆகாது."

"சிறுத்தை..." என்று ஆரம்பித்தார் ஸாலிம். துஃபூல் இருவருக்கும் காப்பி ஊற்றினாள். மீன் முள்ளை ஒதுக்கித் தன் தட்டில் வைக்கும்போது முஸல்லம், "ஆமிருக்கு வால் பக்கம்தான் பிடிக்கும்" என்று சொன்னதை அவள் மட்டும் கேட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் இரண்டாவது தோசைக்கு நெய் வேண்டாம் என்று ஒருவர் சொன்னபோது யானையைச் சாட்சிக்கு இழுத்தது யார்? பிரியாணிக் குண்டானுக்கு முன்னால் நின்று சிங்கம் கஞ்சியா குடிக்கிறது என்று கேட்டது யார்? நான் பெயர் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த முறை சபையில் எழுந்து சாட்சியைக் கூப்பிடுவதற்கு முன், அது பின்கட்டில் எதை மென்றுகொண்டிருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.